பரிசல் செய்த குற்றம் என்ன?

மேட்டூர் அணையின் நீர்மட்டம் கோடையில் தாழ்ந்து, பண்ணவாடிப் பரிசல் துறையில் மூழ்கிக் கிடந்த ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் மெல்ல மெல்லத் தலைகாட்டத் தொடங்கும் நாட்களில், பொழுது புலரும் முன்னே அந்தக் கரையில் போய் நிற்பவர்கள், கவிழ்த்து வைத்த பரிசல்கள் ஆமைகளைப்போல் வரிசையாகக் கிடப்பதையும், அவற்றுள் ஒன்றை ஒரு மனிதர் முதுகில் ஏற்றிக்கொண்டு, கால்கள் மட்டுமே வெளியில் தெரிய, சேற்றில் இறங்கி நடப்பதையும் காணலாம். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி நடந்தவர் ஒருவரோடு, முந்தின மாலை அவர் விரித்துவிட்டு வந்த வலையை எடுக்கும் சமயத்தில் உடனிருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஒரு முழங்கால் மடித்து விளிம்போரம் அவர் அமர்ந்து, வலையைச் சாண் சாணாக மடியில் இழுத்துப் போட்டு, சிக்கியிருந்த ஜிலேபி மீனின் செவுளிலிருந்து நூலை நகத்தால் நெம்பி விடுவித்த நேர்த்தியை இன்றும் மறக்கவில்லை. வலையின் கண் இவ்வளவு பெரிதாக இருக்கிறதே என்று கேட்டேன். "பொடிசு இதுல நிக்காதுங்க சார், பூந்து போயிரும். போகட்டும், ஆடி கழிச்சு வரட்டும்" என்றார். ஐந்தாறு கிலோ மீனுக்குமேல் அன்று கிடைக்கவில்லை. காற்று எழும்புவதற்குள் கரை சேர்ந்துவிட வேண்டும் என்ற அவசரம் மட்டும் அவர் துடுப்பில் தெரிந்தது.

பரிசலைப்போல் எளிய மரக்கலம் வேறொன்றும் உலகில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மூங்கிலைப் பிளந்து கூடைபோல் பின்னி, முற்காலத்தில் மாட்டுத் தோலையும் பிற்காலத்தில் தார் பூசிய சாக்கையும் பிளாஸ்டிக் விரிப்பையும் போர்த்திச் செய்யும் இந்த வட்டக் கலத்தை, 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துகீசிய யாத்ரிகர் டோமிங்கோ பயஸ், துங்கபத்திரைக் கரையில் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். பதினைந்து இருபது பேரையும், வேண்டுமானால் குதிரைகளையும் எருதுகளையும்கூட அதில் ஏற்றினார்கள் என்பது அவர் வாக்குமூலம். அடிப்பாகம் தட்டையாக இருப்பதால் சில அங்குல நீரிலும் அது மிதக்கும். பாறைகள் முளைத்துக் கிடக்கும் ஒகேனக்கல் போன்ற இடங்களில், அடிமரம் வைத்துக் கட்டிய படகு முதல் மோதலிலேயே பிளந்துபோகும்போது, பரிசல் பாறைமேல் வழுக்கிக்கொண்டு நழுவிவிடும். முன்பக்கம் திரும்பி அமர்ந்து, நீரைத் தன்னை நோக்கி வாரி இழுப்பதுபோல் துடுப்பை இடமும் வலமும் மாற்றிப் போடத் தெரியாதவன் கையில் அது ஒரே இடத்தில் சுழன்றுகொண்டிருக்கும். அது கற்றுக்கொண்டு வரும் வித்தை. இளமையிலேயே பழகினால்தான் கைவரும்.

மீன்பிடிப் பரிசலுக்கு இயற்கையே ஓர் எல்லை வகுத்திருக்கிறது என்பதை இங்கே வற்புறுத்த விரும்புகிறேன். ஓரிருவரும் ஒரு வலையும் ஒரு கூடை மீனும் ஏறினால் அது நிறைந்துவிடும். பலத்த காற்றில் அதைச் செலுத்த இயலாது. கபினியிலும் கிருஷ்ணராஜசாகரத்திலும் மதகுகளைத் திறந்து வெள்ளம் புரண்டு வரும் காலத்தில் அது கரையில்தான் கிடக்கும். ஆற்றை ஒரே மூச்சில் வெறுமையாக்கும் சக்தி அதற்கு இல்லை. தலைமுறை தலைமுறையாகக் காவிரியில் பரிசலோட்டி ஜீவனம் செய்த ஜனங்களும், அதே ஆற்றில் மீனும் முதலையும் நீர்நாயும் கூடவே வாழ்ந்து வந்ததற்கு இந்த இயலாமையே ஒரு முக்கிய காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இவ்வளவும் இருக்க, இன்று காவிரியின் மேற்பகுதியில் பரிசல் என்றாலே சந்தேகத்துக்குரிய பொருளாகிவிட்டது. 2023 பிப்ரவரியில், பாலாறு காவிரியோடு கலக்கும் எல்லைப் பிரதேசத்தில், பரிசலில் சென்ற சேலம் மாவட்டத்தார் சிலரைக் கர்நாடக வனத்துறையினர் இரவில் எதிர்கொண்டதும், துப்பாக்கி வெடித்ததும், பின்னர் ஒருவருடைய உடல் ஆற்றில் மிதந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அவர்கள் மான் வேட்டைக்கு வந்தவர்கள் என்றது வனத்துறை. மீன் பிடிக்கப் போனவர்கள் என்றார்கள் ஊரார். இவற்றுள் எது மெய் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எனக்கில்லை. ஆனால், இருட்டில் வரும் ஒரு பரிசலைக் கண்டு, அதிலிருப்பது வலையா துப்பாக்கியா என்று அறியமுடியாத நிலை ஏன் ஏற்பட்டது என்று கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு.

அந்தக் கேள்விக்கு விடையின் ஒரு பகுதி நம் சட்டத்திலேயே கிடக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 2002ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், 'விலங்கு' என்ற சொல்லுக்குள் மீனும் அடக்கம். பிடிப்பதும் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் அடக்கம். ஆகவே சரணாலய எல்லைக்குள் வலை விரித்தவனும் மானைச் சுட்டவனும் ஒரே பெயரைப் பெற நேரலாம். காவிரியின் கரைகளிலோ 1987இல் கர்நாடகத்தின் காவிரி சரணாலயம், 2013இல் மலை மகாதேஸ்வரா சரணாலயம், நம் பக்கத்தில் 2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சரணாலயங்கள் எழுந்திருக்கின்றன. அவை வேண்டியவையே, யானைக்கும் நீர்நாய்க்கும் அவை அரண். என் குறை வேறு. சரணாலயத்தில் வேட்டையாடியவனுக்கு ஏழாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம் என்கிறது அந்தச் சட்டம். ஆற்றில் வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன்களைக் கொல்வதைத் தடுக்க 1897இல் இயற்றப்பட்ட இந்திய மீன்வளச் சட்டத்தின் மூல வாசகமோ, இரண்டு மாதச் சிறை அல்லது 200 ரூபாய் அபராதம் என்ற அளவோடு நின்றுவிடுகிறது. ஆற்றுக்கு எது பெருங்கேடு என்று அறிந்த எவரும் இந்த இரண்டு சட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மனம் கொதிக்காமல் இருக்கமுடியாது.

தோட்டா போட்டு மீன் பிடிப்பது என்று கரையோரங்களில் சொல்லுவார்களே, அதன் கொடுமையை நேரில் கண்டவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மடுவில் வெடி விழுந்த கணத்தில் நீருக்குள் பாயும் அதிர்ச்சி மீனின் வயிற்றிலுள்ள காற்றுப்பையைக் கிழிக்கிறது. குஞ்சு, சினைமீன், முட்டை என்ற பேதம் அதற்கு இல்லை. செத்தவற்றில் பெரும்பகுதி மிதக்காமல் அடியில் போய் அழுகுகிறது. போட்டவன் கைக்கு வருவது சொற்பமே. காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத கூன்முதுகு மஷீர் என்ற பெருமீன், 1946இல் கபினியில் தூண்டிலில் 120 ராத்தல் எடைக்குச் சிக்கிப் பேர்பெற்ற அந்த மீன், 2018இல் அழிவின் விளிம்பில் உள்ள உயிரினம் என்று சர்வதேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அணைகளும், வேறிடத்திலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட அயல் மஷீர் இனமும், மணல் கொள்ளையும், வெடியும் சேர்ந்து செய்த காரியம் அது. வலை முற்றிலும் குற்றமற்றது என்று நான் வாதாடவில்லை. விரல் நுழையாத கண்ணுடைய வலைகளும் காவிரியில் விரிக்கப்படுகின்றன; அவற்றைப் பறிமுதல் செய்வதற்கு எவரும் தயங்கவேண்டியதில்லை. ஆயினும் தோட்டாவையும் பெருங்கண் வலையையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது.

சிறு படகே நாசகாரக் கருவியாக மாறிய சரித்திரமும் உண்டு. அதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. அமெரிக்காவின் சீஸபீக் விரிகுடாவில் 19ஆம் நூற்றாண்டில், தட்டையான அடியுடைய சிறு படகுகளில் மனிதர்கள் குப்புறப் படுத்து, கைத்துடுப்பால் ஓசையின்றித் தள்ளிக்கொண்டு, நீரில் உறங்கும் வாத்துக் கூட்டங்களை இரவில் நெருங்கினார்கள். படகின் முன்பகுதியில் கிடத்தியிருந்த துப்பாக்கியோ ஓர் ஆள் தோளில் வைத்துச் சுடக்கூடியதன்று. எடையிலும் நீளத்திலும் அது சிறு பீரங்கி. ஒருமுறை வெடித்தால் ஐம்பது பறவைகளும் அதற்கு மேலும் மாளும். ரயிலும் பனிக்கட்டியும் வந்தபின் அந்த வாத்துகள் பால்டிமோர், நியூயார்க் அங்காடிகளுக்கு மூட்டை மூட்டையாகப் போயின. பறவைகள் அருகி வருவதைக் கண்டு விழித்துக்கொண்ட அந்நாட்டார் செய்தது கவனிக்கத்தக்கது. சட்டத்தை மீறிக் கொன்றவற்றை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோய் விற்பதை 1900ஆம் ஆண்டு லேசி சட்டம் தடுத்தது; வலசைப் பறவைகளை விற்பனைக்காகக் கொல்லும் தொழிலையே 1918ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது; பத்து கேஜைவிடப் பெரிய குழலுடைய துப்பாக்கி கூடாதென்று விதி வந்தது. சிறு படகுகளையே அடியோடு தடை செய்துவிடவில்லை. 1934இல், வாத்து வேட்டைக்குப் போகிறவன் ஒரு டாலர் கொடுத்து ஒரு முத்திரை வாங்கவேண்டும் என்றும், அந்தப் பணத்தில் சதுப்பு நிலங்களை வாங்கிப் பறவைகளுக்கு விடவேண்டும் என்றும் ஏற்பாடு செய்தார்கள். வேட்டைக்காரனுடைய காசிலேயே பறவைக்கு வீடு கிடைத்தது.

பறவையை வேடிக்கைக்காகச் சுடும் வழக்கத்தை நான் விரும்பவில்லை. ஆயினும் அந்தச் சட்டங்களில் ஒரு விவேகம் இருந்தது: கலத்தையும் அதில் ஏறும் கருவியையும் பிரித்தறியும் விவேகம். காவிரிக்கு வேண்டியதும் அதுவே. பரிசல் மீனவருக்கு இரு மாநிலங்களும் ஒப்புக்கொள்ளும் ஒரே அடையாளச் சீட்டு வேண்டும். பரிசலின் வெளிப்புறத்தில் தூரத்திலிருந்து தெரியும்படி எண் எழுதப்பட வேண்டும். எந்தத் துறையிலிருந்து எந்தத் துறை வரை, எந்த மாதங்களில், எந்த அளவுக் கண்ணுள்ள வலையோடு போகலாம் என்பது மீனவரையும் அழைத்து வைத்துக்கொண்டு வரையறுக்கப்பட வேண்டும். கடற்பரப்பு சரணாலயமாகும்போது உள்ளூர் மீனவரின் தொழில் நலனைக் காக்கவேண்டும் என்று அந்த வனவிலங்குச் சட்டமே சொல்கிறது. கடல் மீனவனுக்கு உள்ள அந்தப் பரிவு ஆற்று மீனவனுக்கு மட்டும் ஏன் மறுக்கப்பட வேண்டும்? வெடிக்கான தண்டனையை உயர்த்துவதும், கல்குவாரிகளிலிருந்து தோட்டா கசியும் வழியை அடைப்பதும் அதே மூச்சில் செய்யவேண்டியவை. துப்பாக்கியோடு ஆறு கடப்பவனிடம் இரக்கம் காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை; வலையோடு கடப்பவனை அவனிலிருந்து பிரித்தறியும் வழி வேண்டும் என்றே கேட்கிறேன்.

எந்த மடுவில் நேற்று வெடிச்சத்தம் கேட்டது, எந்தப் பாறையடியில் நீர்நாய் குட்டி போட்டிருக்கிறது என்பதெல்லாம் தினந்தோறும் அந்த நீரில் போய் வருகிறவனுக்கே முதலில் தெரியும். அவனை விரோதியாக்கிக்கொண்ட வனக்காவலர் அந்தச் செய்தியை ஒருநாளும் பெறப்போவதில்லை. தமிழ்நாடு, கர்நாடக அரசுகளின் வனத்துறை, மீன்வளத்துறை அதிகாரிகள், அடுத்த வெள்ளக்காலம் வந்து பரிசல்கள் கரையேறிக் கிடக்கும் ஓய்வு நாட்களிலேனும், பண்ணவாடியிலோ ஒகேனக்கல்லிலோ அந்த மீனவர்களோடு ஒருமுறை உட்கார்ந்து பேசவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.