பெரிய பிளான் போட்டால் வைஃபை பறக்குமா?

'நெட் ரொம்ப ஸ்லோ' என்று யாரிடம் புலம்பினாலும் பதில் ஒன்றுதான்: '100-லயா இருக்கீங்க? 300 போட்டுருங்க சார்.' பிளான் விற்பவர் அப்படிச் சொன்னால் அது அவர் பிழைப்பு. பக்கத்து வீட்டுக்காரரும் அதையே சொல்வதுதான் வேடிக்கை.

படுக்கையறையில் போன் 18 எம்பிபிஎஸ் காட்டுகிறதா? லேப்டாப்பை லேன் கேபிளில் ராவுட்டரோடு நேராக இணைத்து ஸ்பீட் டெஸ்ட் ஓட்டிப் பாருங்கள். அங்கே 95 வந்தால், கம்பெனி தரவேண்டியதைத் தந்துவிட்டது; மிச்சம் தொலைவது வீட்டுக்குள். 300 வாங்கினாலும் படுக்கையறைக்கு அதே 18-தான். மலிவு ராவுட்டர்கள் பலவற்றில் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் வரைக்கும்தான். எட்டுக் கம்பியுள்ள கேபிளில் நாலை மட்டும் கிரிம்ப் செய்துவிட்டுப் போனாலும் இதே கதி. அந்த வீட்டில் 300-க்குக் கட்டும் பணம் தண்டம். நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்குக் கேட்பதே 15 எம்பிபிஎஸ்தான்.

'ஆன்டெனா நாலு இருக்கிற ராவுட்டரா வாங்குங்க' என்பது அடுத்த உபதேசம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குச்சிகளை எண்ணி வேகத்தைச் சொல்ல முடியாது; பெரும்பாலான போன்களில் இருப்பது இரண்டு ஆன்டெனாதான். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் '1200' என்பது 2.4 கிகாஹெர்ட்ஸின் 300-ஐயும் 5 கிகாஹெர்ட்ஸின் 867-ஐயும் கூட்டி, மேலே கொஞ்சம் ஏற்றிப் போட்ட எண். போன் பொதுவாக ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இருக்கும். அந்த 867-ம் ஏட்டுக் கணக்கு. அதில் பாதி கையில் கிடைத்தாலே நல்ல வீடு.

'சிக்னல் ஃபுல்லா இருக்கே, அப்புறம் என்ன?' என்று கேட்பவர்களுக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டும். கோடுகள் காட்டுவது அலையின் பலத்தை மட்டும்தான். அந்த அலைவரிசையில் எத்தனை பேர் நெருக்கியடிக்கிறார்கள் என்பது அதில் தெரியாது. 2.4-ல் சேனல்கள் 13 இருந்தாலும், ஒன்றோடொன்று உரசாமல் நிற்பவை 1, 6, 11 மூன்றுதான். ஒரு சேனலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ், ராவுட்டர் எடுத்துக்கொள்வதோ 20. ஒரே சேனலில் இருக்கும் ராவுட்டர்கள் ஒன்றின் பேச்சு மற்றதற்குக் கேட்பதால் முறை வைத்துப் பேசும். ஆப்பில் பார்த்து, 'மூணு காலியா இருக்கு' என்று 3-க்குப் போனால் 1-ம் 6-ம் வெறும் இரைச்சலாக வந்து விழும். கூட்டத்தோடு 1-லேயே இருந்திருக்கலாம். அபார்ட்மென்டில் 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைத் தேர்ந்தெடுப்பது இதைவிட மோசம். 'வேகம் ரெட்டிப்பாகும்' என்று செய்வதுதான். பாதி அலைவரிசையை ஒருவரே அடைத்துக்கொண்டு, எல்லார் சண்டைக்கும் நடுவில் போய் நிற்கிறார்.

முறை வைத்துப் பேசுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. கேட்டருகே இருக்கும் சிசிடிவி கேமரா தொலைவிலிருந்து இழுத்து இழுத்துப் பேசினால், அது முடிக்கும்வரை உங்கள் புதுப் போனும் காத்திருக்க வேண்டும்.

ஆகவே போன், டிவி, லேப்டாப் மூன்றையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். வைஃபை பெயரின் வாலில் இருக்கும் '5ஜி' அதுதான். செல்போன் 5ஜிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அங்கே நெரிசல் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டும் தெம்பும் குறைவு. அதனால் ராவுட்டர் இருக்கும் இடம் முக்கியமாகிறது. நம் ஊரில் இடத்தைத் தீர்மானிப்பவர் ஃபைபர் இழுக்க வந்தவர். ஒயர் நுழைந்த மூலையில், டிவிக்குப் பின்னால் ஆணி அடித்துவிட்டுப் போய்விடுவார். பக்கத்தில் இரும்பு பீரோ, நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட். வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

பழைய ராவுட்டரில் பாதுகாப்பு அமைப்பு 'டிகேஐபி' என்றிருந்தால் 'ஏஇஎஸ்'ஸுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் வேகம் 54-க்கு மேல் ஏறாது.

கடைசியாக, ரிப்பீட்டர். சாதா ரிப்பீட்டர் வாங்கிய அலைவரிசையிலேயே திருப்பி அனுப்புவதால் ஒவ்வொரு துணுக்கும் காற்றில் இருமுறை போகிறது. வேகம் ஏறக்குறைய பாதி. அதற்குப் பதில் லேன் கேபிள் ஒன்றை உள்ளறைக்கு இழுத்து, பழைய ராவுட்டரை ஆக்சஸ் பாயிண்டாக மாட்டினால் முழு வேகமும் அங்கே வந்து சேரும். சுவரில் துளை போட ஹவுஸ் ஓனர் ஒப்புக்கொள்வாரா என்பது தனிப் பஞ்சாயத்து.