அனுப்பியவர் யார்?



கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்குத் திருவண்ணாமலையில் நின்றிருக்கிறீர்களா? 2668 அடி உயர மலையின் உச்சியில் செப்புக் கொப்பரையில் தீபம் ஏற்றப்படுகிறது. சுற்றிலும் பல மைல் தூரத்துக்குத் தெரிகிறது. பக்தி ஒருபுறம் இருக்கட்டும். விஞ்ஞான மாணவன் கண்ணால் பார்த்தால் அது ஒரு செய்தி. மிகச் சிறிய செய்தி. எரிகிறது அல்லது எரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் அதற்கு ஓர் அருமையான குணம் உண்டு. அது எங்கிருந்து வருகிறது என்பது பார்க்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். மலையைக் காட்டி, "அதோ அங்கிருந்து" என்று மூன்று வயதுக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

அதே நிமிடத்தில் கீழே என்ன நடக்கிறது? லட்சக்கணக்கான கைகள் செல்போனோடு உயர்கின்றன. தீபத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே அவசரம். திரையில் சின்ன வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா?

செல்போன் பேசுவது அருகிலுள்ள டவருடன். (கோபுரம் என்று நல்ல தமிழில் எழுத ஆசைதான். ஆனால் இந்த ஊரில் கோபுரம் என்றால் வேறு பொருள்!) ஒரு டவருக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசையின் அகலம் ஓர் அளவுக்கு உட்பட்டது. அதைப் பத்துப் பேர் பங்கிட்டாலும் பதினாயிரம் பேர் பங்கிட்டாலும் மொத்தம் அதேதான். நீங்கள் இணையத்தின் வழியே பேசும்போது உங்கள் குரல் சிறு சிறு துண்டுகளாக நறுக்கப்படுகிறது. பொதுவாக ஒரு துண்டு 20 மில்லி விநாடி அளவு. அதாவது விநாடிக்கு 50 பொட்டலங்கள், நிமிடத்துக்கு 3000. ஒவ்வொன்றும் விலாசம் சுமந்துகொண்டு தனித்தனியே போகிறது. சில பொட்டலங்கள் தாமதித்தால் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது. பல தாமதித்தால் அழைப்பே அறுந்துவிடுகிறது.

4ஜி போனில் நாம் பேசும் சாதாரண அழைப்பும் பொட்டலங்களாகத்தான் போகிறது. ஆனால் அதற்குத் தொலைபேசி நிறுவனம் தனி வரிசை ஒதுக்கியிருக்கிறது. கோயிலில் கட்டண தரிசனம், பொது தரிசனம் என்று இரண்டு வரிசை இருக்கிறதல்லவா? அதைப்போல. வாட்ஸ்அப் அழைப்பு பொது வரிசையில், எல்லோருடைய வீடியோக்களுக்கும் பின்னால் நிற்கிறது. எழுத்துச் செய்திக்கு இந்தத் தொல்லை குறைவு. அது சிறியது, சிறிது நேரம் காத்திருந்தாலும் பொருள் கெடாது. பழைய எஸ்.எம்.எஸ். இன்னும் சிறியது. ஒரு செய்திக்கு 140 பைட், அதாவது 1120 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் வீதம் 160 எழுத்துகள், தமிழுக்கு 16 பிட் வீதம் 70 குறிகள். "திருவண்ணாமலை" என்ற ஏழெழுத்துப் பெயருக்கே 12 குறிகள் செலவாகிவிடும். எப்படி 12 என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்!

ஆகவே கூட்டத்தில் யாரையாவது தவறவிட்டால் முதலில் சாதாரண அழைப்பு, கிடைக்காவிட்டால் ஒரு சிறு எஸ்.எம்.எஸ். ஆபத்து என்றால் 112. குழந்தைகள் சம்பந்தமாக என்றால் 1098. வாட்ஸ்அப் அழைப்பில் இந்த எண்களை எட்ட முடியாது.

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் எழுத எழுத வேறொரு நினைவு குறுக்கே வந்துவிட்டது. அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பௌர்ணமி இரவு. எங்கள் தெருக் குடும்பம் ஒன்று கிரிவலம் போயிற்று. 14 கிலோமீட்டர் நடை. குபேர லிங்கத்தின் அருகே நெரிசலில் ஆறு வயதுப் பெண் குழந்தை கைநழுவிவிட்டாள். பதறிப்போன சித்தப்பா அவளுடைய போட்டோவைப் போட்டு, "இந்தக் குழந்தையைக் காணவில்லை, அனைவருக்கும் அனுப்புங்கள்" என்று எழுதி எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினார். முக்கால் மணி நேரத்தில் குழந்தை கிடைத்துவிட்டாள். ஒரு டீக்கடை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள். கண்டுபிடித்தது வாட்ஸ்அப் அல்ல, டீக்கடைக்கு எதிரே நின்ற போலீஸ்காரர்.

எல்லோரும் வீடு திரும்பினார்கள். போட்டோ மட்டும் திரும்பவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்துக் கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் அதே படத்தை எனக்கு அனுப்பினார். அதற்குள் யாரோ ஒருவர், "நேற்று கடத்தப்பட்ட குழந்தை" என்று ஒரு வரி சேர்த்திருந்தார். சித்தப்பா தேதி எழுதவில்லை, இடம் எழுதவில்லை, தன் பெயரையும் எழுதவில்லை. அந்த அவசரத்தில் யாருக்குத் தோன்றும்? குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் தேதியில்லாத செய்திக்கு என்றும் "நேற்று"தான்.

இப்படிப்பட்ட செய்திகள் என்ன செய்யக்கூடும் என்பதை நம் மாவட்டம் அறியும். 2018 மே 9 அன்று, சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்தது. போளூர் அருகே அத்திமூரில், அவர்களோடு வந்த 65 வயது மூதாட்டி தெருவில் நின்ற குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார். உங்கள் பாட்டியும் என் பாட்டியும் செய்யக்கூடியதுதான். ஆனால் அதற்கு முந்தைய வாரங்களில், பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் வீடு வீடாகப் பரவியிருந்தது. ஊர் திரண்டது. மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள். கும்பல் என்று எதுவும் இல்லை.

அதே ஆண்டு ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தில் துலே மாவட்டத்தின் ராயின்பாடா கிராமத்தில் இதே சந்தேகத்தில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். அந்த நாட்களில் இந்தியாவின் பல பகுதிகளில் ஒரு வீடியோ சுற்றியது. மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில், குழந்தைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோரை எச்சரிக்க எடுக்கப்பட்ட விளம்பரப் படம்! முழுப் படத்தில் குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அறிவுரைப் பலகையைக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார். வெட்டிய ஒரு கையும், அனுப்பிய எண்ணற்ற கைகளும் சேர்ந்து அதை வதந்தி ஆக்கின.

அதன்பின் 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இரண்டு காரியங்கள் செய்தது. கைமாறி வரும் செய்தியின் மேல் அது கைமாறியது என்று குறி போட்டது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. மற்ற நாடுகளுக்கு அப்போது 20. பிறகு 2019 ஜனவரியில் உலகம் முழுவதற்கும் ஐந்து ஆயிற்று. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு முறைக்கு ஒருவருக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் இன்னும் இறுக்கினார்கள்.

ஐந்து என்ற எண் நமக்குப் புதிதல்ல. 2012 ஆகஸ்டில் எஸ்.எம்.எஸ். வதந்திகளால் அஞ்சி, வடகிழக்கு மாநில மக்கள் ஆயிரக்கணக்கில் பெங்களூரை விட்டு ரயிலேறியபோது, மத்திய அரசு ஒரே சமயத்தில் அனுப்பும் எஸ்.எம்.எஸ்.களைச் சில நாட்களுக்கு ஐந்தாகக் குறைத்தது.

ஐந்தால் பயன் உண்டா? காகிதம் எடுங்கள், கணக்குப் போடுவோம். செய்தி பெறும் ஒவ்வொருவரும் 20 புதியவர்களுக்கு அனுப்புவதாக வையுங்கள். 20, 400, 8000, 1,60,000. நான்கே கைமாற்றில், 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 1.45 லட்சம் பேர் வாழ்ந்த திருவண்ணாமலை நகரத்தை விஞ்சிவிடுகிறது. ஐந்து பேருக்கு என்றால்? 5, 25, 125, 625, 3125, 15,625, 78,125, 3,90,625. எட்டாவது கைமாற்றில் ஊர் நிறைந்துவிடுகிறது. நான்கு எட்டானது, அவ்வளவே. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றுகிறதல்லவா?

பொறுங்கள். நம் கணக்கில் ஒரு தவறு இருக்கிறது. பெறும் எல்லோரும் அனுப்புவதில்லை. பத்தில் ஒருவர்தான் அனுப்புகிறார் என்று கொள்வோம். 20 பேர் பெற்றால் அனுப்புகிறவர் 2 பேர். அந்த இருவரிடமிருந்து நால்வர், பிறகு எண்மர். வதந்தி வளர்கிறது. ஆனால் 5 பேர் பெற்றால்? அனுப்புகிறவர் சராசரி அரை ஆள்! ஒவ்வொரு கைமாற்றிலும் பாதியாகக் குறைந்து சில படிகளில் அவிந்துவிடும். கொள்ளை நோயைப் படிப்பவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். ஒரு நோயாளி சராசரியாக ஒருவருக்கு மேல் பரப்பினால் நோய் பரவும், ஒருவருக்குக் கீழே என்றால் ஓய்ந்துபோகும். கொரோனா காலத்தில் இதைச் செய்தித்தாளிலேயே படித்திருப்பீர்கள்.

அந்த 2018, 2019 வரம்பில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்த ஐந்தும் ஐந்து குழுக்களாக இருந்தால், ஒவ்வொரு குழுவிலும் 100 பேர் இருந்தால், ஒரு தட்டலில் 500 பேர். பத்தில் ஒருவர் அனுப்பினால் 50 பேர். கணக்கு மீண்டும் கைமீறிப் போயிற்று. குழுவில் எத்தனை பேர், எத்தனை குழுக்கள் என்பதெல்லாம் நிறுவனத்தின் கையில். "பத்தில் ஒருவர்" என்ற எண் மட்டும் நம் கையில் இருக்கிறது. அது ஐம்பதில் ஒருவராகவும் ஆகலாம், மூன்றில் ஒருவராகவும் ஆகலாம்.

சிலர் வேறு வழி சொல்கிறார்கள். முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடிய வேண்டும் என்கிறது 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட விதி. வாட்ஸ்அப் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. காரணம், 2016 ஏப்ரல் முதல் வாட்ஸ்அப் செய்திகள் அனுப்புகிறவர் போனிலேயே பூட்டப்பட்டு, பெறுகிறவர் போனில்தான் திறக்கின்றன. இடையில் உள்ள சர்வருக்குச் சாவி கிடையாது. அத்திமூர் போன்ற ஊர்களை நினைத்தால் அரசின் ஆத்திரம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும், ஒரு வதந்திக்காரனைப் பிடிக்க எல்லோருடைய கடிதத்திலும் அடையாளம் போடுவது எனக்குச் சம்மதமில்லை. உங்களுக்கு மாற்றுக் கருத்து இருக்கலாம். வகுப்பில் விவாதியுங்கள்.

நான் உங்களிடம் இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பல வீடுகளில் செல்போன் அப்பாவுடையது, ஆனால் அதை இயக்கத் தெரிந்தவர் நீங்கள். "கண்ணு, இதை எல்லாருக்கும் அனுப்பிவிடு" என்று பாட்டி நீட்டுவது உங்களிடம். அப்போது பாட்டியிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என்றைக்கு நடந்தது? எந்த ஊரில்? முதலில் சொன்னவர் யார்? பதில் இல்லையென்றால், "அனுப்ப மாட்டேன் பாட்டி" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். பெரியவர்கள் பேச்சைத் தட்டலாமா என்று கேட்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் தட்டலாம். உண்மையிலேயே குழந்தை காணாமல் போனால் போலீசுக்குச் சொன்னபிறகு, தேதி, நேரம், இடம், தகவல் தர வேண்டிய எண் எல்லாம் எழுதி அனுப்புங்கள். கிடைத்தவுடன், "கிடைத்துவிட்டாள்" என்று அதே குழுக்களுக்கு எழுதுங்கள். எங்கள் தெருச் சித்தப்பா மகிழ்ச்சியில் மறந்தது இதைத்தான்.

கடைசியாக ஒரு சோதனை. இந்த வாரம் உங்கள் வீட்டுப் போனுக்குக் கைமாறி வந்த ஏதாவது ஒரு செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அனுப்பியவரிடம், "உங்களுக்கு யார் அனுப்பினார்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் ஆளிடமும் அதையே கேளுங்கள். இப்படியே பின்னோக்கி நடந்து, எத்தனையாவது ஆளிடம் "தெரியவில்லையே" என்ற பதில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் நான்கு செய்திகளில் முயன்றேன். மூன்றில் இரண்டாவது ஆளோடு நின்றுவிட்டது. நான்காவது ஒரு சுற்றுச் சுற்றி, என் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.