மல்லாந்து விழும் வீடு

ஊரில் எங்கள் பழைய வீட்டை விற்றாகிவிட்டது. தை பிறந்ததும் இடிக்கப் போகிறார்கள். அதற்குள் முகப்பை ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னாள் அம்மா. என் யாஷிகா-மேட்டில் ஒரு ரோல், 12 படம், எடுத்துப் பிரின்ட் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

“ஏண்டா, வீடு மல்லாக்க விழுதே?”

வாஸ்தவம். தெரு குறுகல். பின்னால் நகர்ந்தால் எதிர் வீட்டுத் திண்ணை முதுகில் இடிக்கும். கேமராவை அண்ணாந்து பிடித்தால் தூண்களெல்லாம் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கும். நேராக நிற்க வேண்டுமானால் ஃபிலிம் சுவருக்கு இணையாக இருக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் மாடி போச்சு, பாதிப் படம் ரோடு! வைத்தியம்: ஃபிலிமை நிமிர்த்தி நிறுத்திவிட்டு, லென்ஸை மட்டும் மேலே தூக்குவது. ‘ரைஸ்’ என்பார்கள். கம்ப்யூட்டரில் நிமிர்த்தலாமே என்பீர்கள். நிமிரும். மேல்பக்கத்தை இழுத்து இழுத்து, ஓரத்தை நறுக்கி.

ரைஸ் உள்ள ஃபிலிம் கேமரா, அதுவும் 120 ரோல் போடுகிற மாதிரி, செகண்ட் ஹாண்டில், என் பட்ஜெட்டில். ஒரு மாதம் ராத்தூக்கம் கெட்டது.

ஃப்யூஜி ஜிஎக்ஸ் 680, 1989-ல் வந்தது. லென்ஸ் ஏறும், இறங்கும், நகரும், சாயும். பாட்டரி செத்தால் ஷட்டரும் செத்தது. கனமோ, கோயில் அம்மி! ஹாஸல்பிளாட் ஃப்ளெக்ஸ்பாடி (1995) அழகி. விலையைக் கேட்டதும் மரியாதையாக விலகிக்கொண்டேன். ரோலை எஸ்எல் 66-ல் லென்ஸ் 8 டிகிரி சாயும் என்றதும் துள்ளினேன். ஆனால் சாய்வது வேறு, உயர்வது வேறு. சாய்ந்தால் ஃபோகஸ் விழும் தளம்தான் மாறும், தூண் நிமிராது. பணத்தைக் கட்டியபின் இது புரிந்திருந்தால் வீட்டில் நானும் மல்லாந்திருப்பேன்.

கடைசியில் மனசு நின்றது செஞ்சுரி கிராஃபிக்கில். 1949-லிருந்து 1970 வரை அமெரிக்காவில் செய்தது. மடிப்புத் துருத்தி, முன்பக்கம் கொஞ்சம் ரைஸ், ஆறுக்கு ஒன்பது சைஸில் ரோலுக்கு 8 படம். இங்கேதான் பி.காம். மூளை விழித்துக்கொண்டது. அந்தப் படத்தின் குறுக்களவு சுமார் 101 மில்லிமீட்டர். லென்ஸ் போடும் ஒளி வட்டம் அதைவிடத் தாராளமாகப் பெரிதாக இல்லாவிட்டால், லென்ஸைத் தூக்கியதும் மேல் மூலைகள் கறுத்துவிடும். ஆகவே முதலில் லென்ஸ், பிறகுதான் பெட்டி. நாலுக்கு ஐந்து அங்குல ஃபிலிமுக்கான பழைய 90 மி.மீ. ஆங்குலான் கிடைத்தால் வட்டம் போதும். துருத்தியை இருட்டறையில் உள்ளே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். நட்சத்திரம் தெரிந்தால் ஓட்டை. ஒரு செகண்ட் ஷட்டர் நிஜமாகவே ஒரு செகண்ட்தானா என்றும் கேட்க வேண்டும்.

பேப்பரில் கூட்டிக்கொண்டிருந்தேன். கப்பல் கூலி, கஸ்டம்ஸ் வரி... அம்மா எட்டிப் பார்த்தாள்.

“இத்தனை ரூபாயா? எதிர் வீட்டு மாடியில நின்னு எடுத்தா நேரா வராதா?”

வரும். முகப்பின் பாதி உயரத்துக்கு ஏறிவிட்டால் கேமராவை அண்ணாந்து பிடிக்க வேண்டியதே இல்லை. எனக்குத் தெரியாமலா? ஆனால் எதிர் வீடு சித்தப்பாவுடையது. சாக்கடைத் தகராறில் 11 வருஷமாகப் பேச்சில்லை. அப்பா காரியத்தன்றுகூடத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர, தெருவைத் தாண்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை யாஷிகாவோடு போய் நின்றேன். சித்தப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“மாடிச் சாவி ஆணியில தொங்குது.”

எடுத்தேன். ஏழாவது படத்துக்கு அவரும் மாடியேறி வந்தார். “அண்ணன் ரூம் ஜன்னல் விழுதா பாரு” என்றார். விழுந்தது. தூண்கள் நாலும் நெட்டுக்குத்தாக.

இரண்டு பிரின்ட் போட்டேன். ஒன்று எதிர் வீட்டுக்கு.

செஞ்சுரி கிராஃபிக்கை மட்டும் இன்னும் விடவில்லை. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி. அதற்கு எதிரே எந்தச் சித்தப்பாவுக்கும் அவ்வளவு உயரத்தில் மாடி கிடையாது.