எழுவாய் எங்கே?

திருக்கோவிலூர்ப் பக்கத்துச் சேரிகளில் நான் பாடம் சொல்லித் தருகிற பிள்ளைகள் நவுன், புரோநவுன், வெர்ப் என்று எட்டுப் பேரையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். 'ஆத்துக்குப் போறேன்' என்பதை இங்கிலீஷில் சொல்லச் சொன்னால் முழிக்கிறார்கள். 'ஆத்துக்கு' என்பதில் 'கு' பின்னால் ஒட்டுது. அதே வேலையைச் செய்கிற 'டு' இங்கிலீஷில் முன்னால் நிக்குது. 'பிரி' என்றால் முன், அதனால் பிரிபொசிஷன். இவ்வளவுதானே விஷயம்?

கிராமர் படிச்சு நமக்கென்ன ஆகப்போகுது என்று கேட்கிற தோழர்களும் உண்டு. புரோநவுனை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்த்தெருப் பொடியன் நம் எழுபது வயசுக் கிழவரை 'டேய், நீ' என்பான். அவர் அவனை 'நீங்க' என்று சொல்லணும். இங்கிலீஷில் ரெண்டு பேருக்கும் ஒரே 'யூ'. அங்கேயும் ஒரு காலத்தில் நெருங்கியவரையும் கீழே உள்ளவரையும் அழைக்க 'தௌ' இருந்தது. 1650களில் குவேக்கர்கள் பிரபு, நீதிபதி என்று பார்க்காமல் எல்லோரையும் 'தௌ' என்றே அழைத்து அடியும் சிறையும் பட்டார்கள். பிறகு 'தௌ' வழக்கொழிந்தது. மரியாதைச் சொல்லான 'யூ'வே பொதுவாகிவிட்டது. (அதற்காக வெள்ளைக்காரன் சமத்துவவாதி ஆகிவிடவில்லை. 'யூ' என்று சொல்லிக்கொண்டேதான் அடிமைகளை வைத்திருந்தான்.)

இதைவிட முக்கியமானது ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ். அதாவது செய்வினை, செயப்பாட்டுவினை. 'ராமன் மாம்பழம் தின்றான். மாம்பழம் ராமனால் தின்னப்பட்டது.' (ராமனை விட்டால் இவர்களுக்கு வேறு ஆளே கிடைக்காது.) இங்கிலீஷில் 'பை' போட்டு ராமனைக் கடைசியில் நிறுத்துவார்கள். வேண்டாமென்றால் 'பை'யையும் ராமனையும் சேர்த்தே விட்டுவிடலாம், இலக்கணப்படி தப்பில்லை என்கிறது புத்தகம். தமிழிலும் அப்படித்தான்.

பத்திரிகைக்காரனுக்கும் போலீசுக்கும் இந்த வித்தை நன்றாகவே தெரியும். '1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர்.' '1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டனர்.' ஒரு பிழை கிடையாது. செத்தவர்கள் எழுவாயாக நிற்கிறார்கள். கொன்றவன் வாக்கியத்திலேயே இல்லை. வெண்மணியில் எரித்தது மிராசுதாரும் அவன் அடியாட்களும் என்று எழுத என்ன தடை? இலக்கணமா தடுக்கிறது?

கொடுமை என்னவென்றால் நம் இயக்கத் துண்டறிக்கைகளும் இதே நடையில்தான் வருகின்றன. 'தாக்கப்பட்டனர்', 'மறுக்கப்பட்டது', 'கொளுத்தப்பட்டன'. காற்றா வந்து கொளுத்தியது? பள்ளிக்கூடத்துப் பாசிவ் வாய்ஸ் நம் கோபத்துக்குள்ளும் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. அடுத்த துண்டறிக்கையை அச்சுக்குக் கொடுக்கும் முன் 'பட்டது', 'பட்டனர்' என்று முடியும் வரிகளை எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் கொடுத்து, யாரால் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள்.