நோயாளிக்கு ஆப்பிள் போதும், அறிவுரை வேண்டாம்!

போன மாசம் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டாங்க. இடுப்பு எலும்பு முறிவு, ஆபரேஷன், இங்கே நாக்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் 11 நாள் வாசம். இப்போ வாக்கர் பிடிச்சு நடக்கறாங்க, கவலை வேண்டாம். நான் சொல்ல வந்தது எலும்பைப் பத்தி இல்லை, பார்க்க வந்தவங்க கொடுத்துட்டுப் போன புத்தகங்களைப் பத்தி.

ஒருத்தர், மனசு வெச்சா எதையும் ஜெயிக்கலாம்ங்கற ரகத்தில் ஒண்ணு கொடுத்தார். இன்னொருத்தர், வாழ்க்கை நிலையாமை பத்தி ஒரு தத்துவ நூல் (ஆபரேஷனுக்கு முந்தின நாள், சாமி!). இலக்கிய ரசிகரான நண்பர், பஞ்சத்தில் ஒரு குடும்பமே அழிஞ்சு போற நாவலைக் கொடுத்து, "இதும்மா நிஜமான எழுத்து"ன்னார். அம்மா மூணையும் தலைமாட்டில் அடுக்கிட்டாங்க. மேலே மாத்திரை டப்பா வைக்க சௌகரியமா இருந்தது.

படுத்திருக்கறவங்களைத் திருத்தற வேலை நமக்கு எதுக்கு மக்களே? அந்த நாவல் மோசமில்லை. பின்னாடி நானே படிச்சேன், அருமையான நாவல். கொடுத்த இடம்தான் தப்பு.

"பொன்னியின் செல்வன் இருக்காடா?"ன்னு கேட்டாங்க அம்மா. எனக்குச் சுருக்குன்னுது. கல்கி பத்திரிகையில் அது மறுபடி தொடரா வந்தப்போ வாராவாரம் பிரிச்செடுத்து, அம்மா பைண்டு பண்ணி வெச்சிருந்தாங்க. இந்தூரிலிருந்து இங்கே மாற்றலாகி வந்தப்போ, லாரியில் இடமில்லைன்னு அதைப் பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போட்டது சாட்சாத் நான்தான். "இனிமே யாரும்மா இதைப் படிக்கப் போறாங்க"ன்னு வசனம் வேற.

நல்லவேளை, கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனதால் இணையத்தில் இலவசமாவே கிடைக்குது. செல்போனில் இறக்கி, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வாசிச்சேன். வந்தியத்தேவன் ஏரிக்கரையில் குதிரையில் வர்றான். அவசரத்தில் ரெண்டு வரியைத் தாண்டிட்டேன். "அன்னிக்கு ஆடிப்பெருக்குடா, அதை விட்டுட்டியே"ன்னு கண்ணை மூடிக்கிட்டே திருத்தினாங்க. நாள் முழுக்க ஹிந்தியும் மராத்தியும் மட்டுமே கேட்டுக்கிட்டிருந்த வார்டில், அம்மா முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அப்போதான்.

"தெரிஞ்ச கதையை எதுக்குத் திரும்பப் படிக்கணும்?"ன்னு கேட்பீங்க. தெரிஞ்ச கதைங்கறதாலதான்! எக்ஸ்ரேயில் என்ன வரும், டாக்டர் எப்போ வருவார், வீட்டுக்கு எப்போ அனுப்புவாங்க, எதுவுமே தெரியாது. அந்த நேரத்தில் புத்தகமாவது ஃபிக்சட் டெபாசிட் மாதிரி இருக்கணும். முதிர்வுத் தொகை முன்கூட்டியே தெரியணும். ஷேர் மார்க்கெட் விளையாட்டெல்லாம் உடம்பு நல்லா இருக்கறப்போ ஆடிக்கலாம்.

"இதெல்லாம் தப்பித்தல்"ங்கறவங்களுக்கு ஒரு கேள்வி. இடுப்பில் இரும்புக் கம்பியோட படுத்திருக்கறவங்க எங்கேங்க தப்பிச்சு ஓட முடியும்? ஒரு மணி நேரம் மனசாவது சோழ நாட்டில் உலாத்திட்டு வரட்டுமே.

காத்திருக்கறவங்களுக்கும் இதேதான். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ரெண்டரை மணி நேரம் என்னைத் தாங்கிப் பிடிச்சது, இங்கே ஒரு தமிழ்க் குடும்பத்தில் கடன் வாங்கின தேவனின் துப்பறியும் சாம்பு. எத்தனை அசடா இருந்தாலும் அதிர்ஷ்டம் அவனைக் கைவிடாதுன்னு தெரியும். பக்கத்துக்குப் பக்கம் அந்த நம்பிக்கைதான் எனக்கு வேண்டியிருந்தது.

அதனால அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போறப்போ, நமக்குப் பிடிச்சதைத் தூக்கிட்டுப் போகாம, படுத்திருக்கறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. "ரமணிசந்திரன் வேணும்"னு சொன்னா முகத்தைச் சுளிக்காம வாங்கிக் கொடுங்க.

எனக்கு அடுத்த மாற்றல் ஆர்டர் எப்போ வேணும்னாலும் வரலாம். இந்தத் தடவை லாரியில் முதல்ல ஏறப்போறது புத்தகப் பெட்டிதான். ஃபிரிட்ஜ் மெதுவா வரட்டும்.