ஸ்கேன் நார்மலாம்!

ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால் உடம்பில் ஒன்றும் இல்லை என்பது நரம்புக் கோளாறுகள் பற்றி வீடுகளில் வேரோடிப்போன நம்பிக்கை. அண்மையில் ஒரு நரம்பியல் பிரிவின் வாசலில் அது மறுபடியும் அரங்கேறியது. மூன்று மாதமாக இடதுகாலை இழுத்து நடக்கும் ஒரு பெண்ணுக்கு, எம்ஆர்ஐ உறையை விசிறியாக்கிக்கொண்டே சித்தப்பா சொன்னார்: “எல்லாம் க்ளீனா இருக்கும்மா. கோளாறு மனசுலதான்.” டாக்டர் உள்ளே காத்திருக்க, தீர்ப்பு வெளியிலேயே முடிந்தது.

பார்க்கின்சன் நோயாளியின் வழக்கமான எம்ஆர்ஐயும் பெரும்பாலும் நார்மல்தான். 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் அந்த நோயை விவரித்தது ஆறே பேரைப் பார்த்து. அவர்களில் சிலர் தெருவில் கண்ணில் பட்டவர்கள். எக்ஸ்ரே வந்ததே 1895இல். இன்றும் நோயாளியை நடக்கவிட்டும், கையை மடக்கி நீட்டிப் பார்த்தும்தான் அது பெரிதும் கண்டறியப்படுகிறது. கை நடுங்கும் தாத்தாவிடம் “ஸ்கேன் நார்மல், நடிக்காதீங்க” என்று எந்தச் சித்தப்பாவும் சொல்வதில்லை.

இழுபடும் காலுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. அதற்குச் செயல்பாட்டு நரம்பியல் கோளாறு என்று பெயர் உண்டு. நரம்பு அறுந்திருக்காது, மூளையில் கட்டி இருக்காது; மூளையின் கட்டளை காலுக்குப் போகும் விதம் குலைந்திருக்கும். கண்டுபிடிக்க உள்ளங்கை போதும். படுத்திருப்பவரின் பலமிழந்த காலின் குதிகாலுக்கு அடியில் டாக்டர் கையை வைக்கிறார். “அழுத்துங்க” என்றால் அழுத்தமே இல்லை. மறுகாலைத் தூக்கச் சொல்லி அதை இன்னொரு கையால் தடுத்தால், அதே குதிகால் தானாக உள்ளங்கையை அமுக்குகிறது. சார்ல்ஸ் ஹூவர் 1908இல் விவரித்த அறிகுறி இது. நடிப்பு பிடிபட்டது என்று சித்தப்பா துள்ளக்கூடும். பிடிபட்டது நடிப்பல்ல: பாதை சேதமில்லை, நினைத்து அசைக்கும்போதுதான் தடை. இயன்முறைப் பயிற்சியால் பலர் தேறுவதற்கு வழி இருப்பதும் அதனால்தான்.

இந்த நோயைத் தீர்மானிக்க மன உளைச்சல் இருந்தே ஆகவேண்டும் என்ற நிபந்தனையை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கமே 2013இல் கைவிட்டது. வீட்டு நிபுணர்களுக்குச் செய்தி இன்னும் வந்துசேரவில்லை. ஹிஸ்டீரியா என்ற பழைய பெயர் கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. “கல்யாணம் பண்ணிவெச்சா சரியாயிடும்” என்ற உள்ளூர் வைத்தியமும் அதே வம்சம். ஆண்களுக்கும் இந்தக் கோளாறு வருகிறது. அவர்களுக்கு வேலைப்பளு என்று கௌரவமான காரணம் தயாராக இருக்கும். ஆடித் தள்ளுபடி கணக்கில் முழு உடல் பரிசோதனை விற்பவர்களுக்கும் இந்த ஸ்கேன் நம்பிக்கையில் பங்கு உண்டு. படம் எடுத்தால் உடம்பே புரிந்துவிடும் என்று ஊரை நம்பவைத்தவர்கள் அவர்கள். ஒற்றைத் தலைவலி எந்தப் படத்தில் தெரிகிறது?

தாத்தாவின் நடுக்கத்தை ஸ்கேன் கேட்காமல் நம்பிய வீடு, பெண்ணின் காலையும் நம்பலாம். சித்தப்பாக்கள் அந்த உறையை டாக்டர் மேசையில் வைத்துவிட்டு, நடக்கிறவருக்குக் கை கொடுத்தால் போதும்.