நானோ மருந்தும் மண்சுவர் வீடும்

நானோ தொழில்நுட்பம் என்றதும் நம் நினைவுக்கு வருவது கார்ப்பரேட் மருத்துவமனை விளம்பரங்கள்தான். அது வசதி படைத்தவர்களின் சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடுகிறோம். தோழர்களே, அப்படி ஒதுங்க முடியாது என்பதை பீகாரின் முசாகர் மக்கள் நமக்குக் காட்டுகிறார்கள்.

முசாகர்கள் பட்டியல் சாதியினர். பெரும்பாலும் நிலமற்ற கூலித் தொழிலாளர்கள். காலா-அசார் எனப்படும் கருங்காய்ச்சல் அவர்களைக் கடுமையாகத் தாக்கியது. இந்நோயைப் பரப்பும் மணல் ஈ, ஈரமண்ணில் பெருகி, மண்சுவர் வெடிப்புகளில் தங்குகிறது. நோய்க்கிருமி மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் குடியேறுகிறது. சிகிச்சை இல்லையென்றால் பெரும்பாலும் மரணம்தான்.

இதற்கான மருந்துகளில் ஒன்று ஆம்போடெரிசின்-பி. பழைய முறையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், 15 முறை டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். 29 நாட்கள் மருத்துவமனையில் கிடக்க வேண்டும். குளிர்நடுக்கம் வரும், சிறுநீரகமும் பாதிக்கப்படும். அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்கு 29 நாள் என்றால் குடும்பமே பட்டினி.

அதே மருந்தை 100 நானோமீட்டருக்கும் குறைவான கொழுப்புக் குமிழ்களில் பொதிந்து தந்தபோது நிலைமை மாறியது. ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்குதான் நானோமீட்டர். நம் உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களில் ஒருவகை இக்குமிழ்களை விழுங்குகின்றன. கிருமி ஒளிந்திருப்பதும் அதே அணுக்களுக்குள்தான். பீகாரில் 412 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2010இல் வெளியானது: ஒரே ஒருமுறை ஏற்றிய நானோ மருந்தும், 29 நாள் சிகிச்சையும் ஏறத்தாழ ஒரே அளவில், 95 விழுக்காட்டுக்கும் மேல் குணமளித்தன. 2014இல் இந்திய அரசின் ஒழிப்புத் திட்டம் இந்த ஒருவேளை சிகிச்சையை ஏற்றது.

இது அறிவியலின் வெற்றி. ஆனால் அரசியல் கேள்வி மிச்சமிருக்கிறது. இம்மருந்தை நன்கொடையாகத் தர 2011இல் அமெரிக்க நிறுவனமான கிலியட், உலக சுகாதார நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. இந்தியத் திட்டத்துக்கும் அவ்வழியே மருந்து வந்தது. உயிர்கள் காக்கப்பட்டதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கொடுப்பவர் மனதை நம்பியிருக்கும் மருந்தை உரிமை என்று எப்படிச் சொல்வது? 2021இல் கரும்பூஞ்சை நோய் பரவியபோது இதே மருந்துக்கு நாடு முழுக்கத் தட்டுப்பாடு வந்தது, தலைப்புச் செய்தியானது. மண்சுவர் வீட்டுக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் இந்நோயால் செத்தபோது அந்தப் பதற்றம் எங்கே போயிருந்தது?

இன்னொன்றும் உண்டு. மருந்து கிருமியைக் கொல்லும், சுவர் வெடிப்பை அடைக்காது. குணமானவர்களில் சிலருக்குப் பின்னாளில் தோலில் திட்டுகள் தோன்றுகின்றன. அவர்களிடமிருந்து மணல் ஈ மீண்டும் கிருமியை எடுத்துச் செல்ல முடியும். எனவே வீட்டுமனைப் பட்டாவும் நல்ல வீடும் சிகிச்சையின் பகுதியே.

நாம் கேட்பது இதுதான்: இத்தகைய மருந்துகளைப் பொதுத்துறை தயாரிக்க வேண்டும். நானோ ஆய்வுக்குச் செல்லும் மக்கள் வரிப்பணத்தில் ஏழைகளின் நோய்களுக்கு உரிய பங்கு வேண்டும். ஆய்வு மாணவர்களின் உதவித்தொகை காலத்தில் வர வேண்டும். நம் பிள்ளைகள் அந்த ஆய்வகங்களுக்குள் நுழைய வேண்டும். எந்த நோயை முதலில் ஆராய்வது என்று முடிவெடுக்கும் மேசையில் முசாகர் வீட்டுப் பிள்ளையும் உட்கார வேண்டும்.